வரிக்கு இல்லாத கெடு

அடைக்கலம் தேடி வந்தவருக்கு உதவ வேண்டும் என்பதை மறுப்பவர் குறைவு. எத்தனை நாளைக்கு என்பதில்தான் வழக்கு எழுகிறது. அமெரிக்க நாட்டுச் சட்டங்கள் இக்கேள்விக்கு அளித்துள்ள விடைகளைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம், புதிதாக வந்த அகதிக்கு 36 மாதங்கள் வரை ரொக்க உதவி வழங்க இடமளித்தது. நிதி சுருங்கச் சுருங்க, 1991இல் அது 8 மாதங்களாயிற்று. பின்னர் 12 மாதங்களாக உயர்ந்து, 2025 மே மாதத்தில் 4 மாதங்களாகக் குறைந்தது. 1996ஆம் ஆண்டின் சட்டமோ, முறைப்படி குடியேறியோரிலும் பெரும்பாலோருக்கு மத்திய அரசின் முக்கிய உதவிகளை முதல் 5 ஆண்டுகளுக்கு மறுத்தது. அகதிகளுக்கு அந்தக் கெடுவிலிருந்து அப்போது விலக்கு இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம், அகதி என்ற தகுதியில் உணவு உதவி பெறும் உரிமையையே நீக்கிவிட்டது. நிரந்தர வசிப்புரிமை வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கவே ஓராண்டு அங்கு வாழ்ந்திருக்க வேண்டும்.

"சொந்தக் குடிமக்களுக்கே போதாதபோது வந்தவருக்கு எப்படி?" என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை நாம் ஒதுக்கிவிட முடியாது. பொதுநிதி ஓர் அமானிதம்; அதை வாரி இறைக்க எவருக்கும் உரிமையில்லை. உழைக்க வல்லவர் உழைக்கட்டும் என்பதும் நியாயமே.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். குடியேறியவரின் முதல் சம்பளத்திலேயே வரி பிடிக்கப்படுகிறது. "5 ஆண்டு கழித்துக் கட்டு" என்று அவரிடம் எவரும் சொல்வதில்லை. சுமையில் பங்காளியாகவும் உதவியில் அந்நியராகவும் ஒருவரை வைப்பது எவ்வகை நீதி? அகதியின் நிலை இன்னும் கடினமானது. அரசே வெளிநாட்டில் விசாரித்து, ஏற்று, அழைத்து வந்தவர் அவர். அஞ்சாமல் திரும்பிச் செல்ல அவருக்கு ஊர் இல்லை. வாசலைத் திறந்துவிட்டு அடுக்களையைப் பூட்டுவது விருந்தோம்பல் ஆகுமா?

சில தேவைகளுக்குக் கெடு வைக்கலாகாது என்பதை அந்நாடே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் சட்டம் அவசர சிகிச்சையை மறுக்கவில்லை. ஆவணமில்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தை மூடலாகாது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோய்க்கும் கல்விக்கும் ஏற்றுக்கொண்ட நியாயத்தைப் பசிக்கு மட்டும் மறுப்பானேன்?

வரம்பே வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. வந்த தேதியை எண்ணி வரம்பு கட்டாமல், தேவை தீர்ந்ததா என்று பார்த்துக் கட்ட வேண்டும். தன் காலில் நிற்பவருக்கு உதவியை நிறுத்துவது நிர்வாகம். நிற்க முயல்பவரின் ஊன்றுகோலை நாள் பார்த்துப் பிடுங்குவது அநீதி.