மயிலைப் பார்த்த மாணவி

சுவாமி பஞ்சாட்சரத்தின் மகிமையை உபதேசம் செய்துகொண்டிருக்கிறார். எதிரே உட்கார்ந்து கேட்பவள் சாட்சாத் அம்பாள். அந்த நேரம் பார்த்து ஒரு மயில் தோகையை விரித்து ஆடுகிறது. அம்பாளின் கண் அங்கே போய்விட்டது. ‘மயிலாகப் போ’ என்று சாபம். நம் மயிலையின் தல புராணம் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்தக் கதையைச் சொல்லி, ‘பாடத்தைக் கவனிக்காவிட்டால் இதுதான் கதி’ என்று பிள்ளைகளை மிரட்டும் பெற்றோர் உண்டு. அவர்கள் பாதிக் கதையில் எழுந்து போனவர்கள். அம்பாள் மயிலாகவே இங்கு வந்தாள். புன்னை மரத்தடியில் மயிலாகவே பூஜித்தாள். சுவாமி அந்தப் பூஜையை ஏற்றார். ‘முதலில் மயிலை மறந்துவிட்டு வா’ என்று அவர் கேட்கவில்லை. எது கவனத்தைக் கலைத்ததோ, அந்த உருவமே வழிபடும் உருவம் ஆயிற்று. நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போடும் பிள்ளையைத் திட்டுமுன், என்ன படம் போடுகிறான் என்று ஒரு தரம் பாருங்கள், தாய்மார்களே!

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், மாட வீதியில் அறுபத்துமூன்று நாயன்மாரும் வருகிறார்களே, அவர்கள் ஒரே பாடத்திட்டத்தில் தேறியவர்களா? ஆனாயர் குழல் ஊதினார். சாக்கியர் கல்லெறிந்தார், அதுவும் அர்ச்சனையாயிற்று. திருவாரூர் தண்டியடிகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. குளத்தைத் தூர்வார ஆசைப்பட்டார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, நடுவே கயிற்றைக் கட்டினார். அதைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டினார். தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். கண் செய்யாத வேலையைக் கை செய்தது.

நம் ஊர்க்காரர் வாயிலார் கதை இன்னும் விசேஷம். பதிகம் பாடவில்லை, கோயில் கட்டவில்லை. மனதுக்குள்ளேயே ஆலயம் அமைத்து, உணர்வை விளக்காக ஏற்றி, ஆனந்தத்தில் அபிஷேகம் செய்து, அன்பை நைவேத்தியமாகப் படைத்தார் என்கிறார் சேக்கிழார். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்காது! இன்றைய வகுப்பறையில் இருந்திருந்தால், ‘வாயைத் திறப்பதே இல்லை’ என்று ரிப்போர்ட் கார்டில் எழுதியிருப்பார்கள்.

சம்பந்தரோ பேச்சுக்காரர், பாட்டுக்காரர். இறந்துபோன சிறுமி பூம்பாவையை அஸ்தியிலிருந்து எழுப்ப இங்கே வந்தபோது அவர் தத்துவம் பேசவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று மயிலையின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமல் போகலாமா என்று கேட்டார். ஒரு சிறு பெண்ணை எதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய ஆசிரியப் பயிற்சி இல்லை.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் நம் அடையாறுக்கு வந்தார், பிரம்மஞான சபையின் அழைப்பில். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவிப் பழகும் முறை அவருடையது. நமக்கு அது புதிதில்லை. விஜயதசமியன்று பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். ஆனால் அந்த ஒரு நாளோடு விரலை மறந்துவிடுகிறோம்.

இப்படி வேறு வழியில் கற்க வேண்டிய பிள்ளைகளில், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சிரமத்துக்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். புத்தியில் குறைவில்லை, எழுத்தும் ஒலியும் சேர்கிற இடத்தில்தான் சிக்கல். அவர்களை ‘மக்கு’ என்பது பாவம். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இவர்களுக்காகவே தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. தமிழக அரசின் பொதுத் தேர்விலும் இவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதித் தர ஒருவர், ஒரு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் வீட்டில், அக்கம்பக்கத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், தேர்வு நெருங்கும்வரை காத்திராமல் இந்த வாரமே பள்ளியில் போய்க் கேளுங்கள்.