ஆணை வேண்டாத சொல்

மலைப்பிரசங்கத்தில் இயேசுநாதர் ஆணையிடுவதையே விலக்கினார். ஆணையிட்டால்தான் உண்மை பேசுவேன் என்பவன், மற்ற வேளைகளில் பொய்க்கு இடம் வைத்திருக்கிறான் அல்லவா?

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் இந்தப் போதனையை அப்படியே ஏற்றனர். விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் அவர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1664 முதல் 1666 வரை சிறையில் வாடினார். அவர்களின் கடைகளிலோ பேரம் இல்லை; குறைக்கும் எண்ணத்துடன் விலையைக் கூட்டிச் சொல்வதும் பொய்யே என்று கருதினர். அவர்கள் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்று 1696-இல் சட்டம் இடமளித்தது.

நீதிமன்றத்தில் பொய் சொல்ல அஞ்சுகிற மனிதன், 'நாளை தருகிறேன்' என்று அண்டை வீட்டாரிடம் சொன்னதை எளிதில் மறந்துவிடுகிறான். சத்தியம் சோதிக்கப்படுவது அந்தச் சிறு சொல்லில்தான். அதைக் காப்பவன் இறைவனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.