யார் மணக்கலாம்?

சித்திரை, வைகாசியில் சங்கராபுரம் பக்கம் வெயில் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அதன் குளிர்ச்சி கீழே இறங்குவதில்லை. இந்த வெயிலில் நம் பிள்ளைகள் எலுமிச்சை வாசம் வீசும் சென்ட்டைக் கொஞ்சம் சட்டையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். 'காலனிப் பையனுக்கு வந்த பவுசப் பாரு' என்கிறான் ஊர்த்தெருக்காரன். அதைத் தள்ளிவிடலாம். நம் தோழர்கள் சிலர் கேட்பதைத் தள்ள முடியாது: 'நம்ம வேர்வை உழைப்பு வேர்வை. அத எதுக்கு மறைக்கணும்? சென்ட் அடிச்சா, அவன் சொல்ற நாத்தத்த நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?'

முதலில் வேர்வையைப் பார்ப்போம். சுரக்கும்போது வேர்வைக்கு அநேகமாக வாடையே கிடையாது. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. அய்யர் தோலிலும் அதே கதைதான். ஆக, எவன் உடம்பு வாடை அடிக்கிறது என்பது அவன் எவ்வளவு நேரம் வெயிலில் நின்றான், குளிக்க அவனுக்குத் தண்ணி இருந்ததா என்பதைப் பொறுத்தது. கிணத்தையும் குளத்தையும் அடைத்து வைத்துக்கொண்டு, 'உன் மேல நாத்தம்' என்று சொல்வது என்ன நியாயம்? 1927 மார்ச்சில் மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். அதற்காக 108 குடம் சாணியும் கோமூத்திரமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள் சாதி இந்துக்கள். மாட்டு மூத்திரம் சுத்தம், மனுசன் கை தீட்டு. இதில் மூக்குக்கு என்ன வேலை? சாதிதான் மோந்து பார்க்கிறது.

சொல்லுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம். பூவுக்கு நாற்றம் உண்டு என்று புலவர்கள் எழுதினார்கள். இன்றைக்கு அதே சொல் வசவாகிவிட்டது. நடவுக்குப் போன என் அம்மாவைப் பார்த்து, 'தள்ளி நில்லுடி, நாத்தம்' என்றாள் பண்ணைக்காரம்மா. அந்தச் சேறு அவள் வயல் சேறுதான்.

சரி, நாறுகிறவர்களை மணக்கவாவது விட்டார்களா? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சாதியார் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி கூடாது. சட்டை கூடாது. கிராப்பு கூடாது. பெண்கள் பூ வைக்கவோ மஞ்சள் பூசவோ கூடாது. வெயிலுக்குக் குடை கூடாது, காலுக்குச் செருப்பு கூடாது. வாசமும் நிழலும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்ட பிறகு, நம் பையன்கள் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ். எண்பத்திரண்டு வருசம் கழித்தும் பட்டியல் போடுகிறார்கள். நாம் நாறினால் விலக்கம், மணந்தால் குற்றம்.

ஆகவே தோழர்களுக்கு என் பதில் இது. மறைப்பது வேறு, குளிர்வது வேறு. யூடிகொலோன் என்பது 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரீனா என்ற இத்தாலியர் விற்கத் தொடங்கிய சரக்கு. எலுமிச்சை, ஆரஞ்சு வகைத் தோல்களின் எண்ணெயும், ரோஸ்மேரி மாதிரி மூலிகை எண்ணெயும் சாராயத்தில் கரைந்திருக்கும். சாராயம் ஆவியாகும்போது தோல் குளிரும். காய்ச்சல்காரர் நெற்றியில் இதை நனைத்துப் போடுவது அதனால்தான். எலுமிச்சை வாசம் சீக்கிரம் பறந்துவிடும். வெயிலில் இன்னும் சீக்கிரம். நாள் முழுக்க எதையும் மூடி மறைக்க அதனால் முடியாது. நம் கிழவிகள் மரிக்கொழுந்தைச் செருகிக்கொண்டதும் இதற்குத்தான்: நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் ஒரு சின்னச் சுகம்.

தத்துவவாதி காண்ட், 1798இல் வந்த தன் மானுடவியல் நூலில், வாசனை சுதந்திரத்துக்கு விரோதமானது என்றார். பக்கத்தில் இருப்பவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதை மோந்தாக வேண்டுமே. நெரிசல் பஸ்ஸில் அது நியாயமான பேச்சுதான். அதனால் கொஞ்சமாகப் போடு, கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டாமல் போடு. இது மனுசருக்கு மனுசர் காட்டும் மரியாதை. சாதிக்குக் காட்டும் பணிவு அல்ல. ஆனால் நம்மைத் தள்ளி நிற்கச் சொன்ன மூக்குகளின் சுதந்திரத்தைப் பற்றி மட்டும் யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்ட் அடித்தால்தான் உனக்குக் கவுரவம் என்று எவனாவது சொன்னால், அந்தப் பாட்டிலைத் தூக்கி எறி. சேற்றோடும் வேர்வையோடும் வருகிறவளுக்குப் பஸ்ஸில் பக்கத்து சீட்டு கிடைக்க வேண்டும்; கேள்வி கேட்காமல் கிடைக்க வேண்டும். அது கிடைத்த பிறகு அவள் எலுமிச்சையாக மணப்பதும் மணக்காததும் அவள் இஷ்டம்.

அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சாராயம். நம் நாட்டில் நெடுங்காலமாக அது கரும்பாலை மொலாசஸிலிருந்து வடிக்கப்படுகிறது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்களில் நம் ஜனமும் உண்டு. வெட்டிய கைக்கு அதில் நாலு சொட்டு கேட்க உரிமை இல்லையா?