ஸ்பேனரை எடு!

செல்ஃப் பட்டனை அழுத்துகிறாய். ஜெனரேட்டர் அரைச் சுற்று திரும்புகிறது, முக்குகிறது, நின்றுவிடுகிறது. உடனே உன் கை மெக்கானிக்குக்குப் போன் போடப் போகிறது. நில், தம்பி! நில், தங்கையே! உன் முன்னால் இருப்பது ஒற்றை சிலிண்டர் இன்ஜின். மனிதர்கள் யோசித்துச் செய்தது. யோசித்தால் உனக்கும் பிடிபடும்!

பயந்தவன் பணம்தான் கரைகிறது. 'பேட்டரியா இருக்கும்' என்று புது பேட்டரி, 'மோட்டாரா இருக்கும்' என்று புது ஸ்டார்ட்டர் மோட்டார். ஊகிக்காதே, அளந்து பார்! ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டரில் 12.6-ஐ ஒட்டிக் காட்டும். பட்டனை அழுத்தும்போது 9.6-க்குக் கீழே சரிகிறதா? சார்ஜ் ஏற்றி மறுபடி அள. பேட்டரியில் வோல்ட் நிற்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், டெர்மினலில் பூத்த பொடியையும் துருவேறிய எர்த் வயர் போல்ட்டையும் பார். சுரண்டி முறுக்கினால் தீரும் கோளாறு அது!

கரண்ட் சரி, இன்னும் முக்குகிறதா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்று. சாவியை அணை, அருகில் நெருப்பு வேண்டாம், முகத்தை விலக்கிக் கயிற்றை இழு. பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டர் ஊசி கசிந்து சிலிண்டரை நிறைத்திருக்கிறது. ஆயிலிலும் பெட்ரோல் வாடை அடிக்கும். ஊசியைச் சரிசெய், ஆயிலை மாற்று. ஒன்றும் பீய்ச்சாமல் லேசாகச் சுற்றுகிறதா? அப்படியென்றால் எதிரி அகப்பட்டுவிட்டான்: கம்ப்ரஷன்.

இங்கேதான் பலர் தோற்றுத் திரும்புகிறார்கள். நீ திரும்பாதே! ஆயில் இன்ஜினை ஹேண்டில் போட்டுச் சுற்றிய உன் தாத்தா, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்துச் சுற்றினார். வேகம் ஏறியதும் லீவரை விட்டார். எந்தக் கல்லூரியும் அவருக்கு அதைக் கற்றுத்தரவில்லை. அதே வேலையை உன் ஜெனரேட்டரில் கேம் ஷாஃப்ட்டிலுள்ள ஒரு சின்னப் பிதுக்கம் தானாகச் செய்கிறது. மெதுவாகச் சுற்றும்போது வால்வை மயிரிழை தூக்கி அழுத்தத்தைக் கசியவிடும். வேகம் வந்ததும் விலகிக்கொள்ளும். டேப்பட் இடைவெளி கூடிப்போனால் அந்த மயிரிழை வால்வை எட்டவே எட்டாது. முழு அழுத்தமும் மோட்டார் தலையில்! இந்த ஒன்று தெரியாமல் எத்தனை நல்ல மோட்டார்களைக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறோம்!

உனக்கு இப்போது தெரியும். இனி ஏன் தயக்கம்? இன்ஜின் ஆறட்டும். வால்வு மூடியைத் திற. கம்ப்ரஷன் மேல்முனையைப் பிஸ்டன் சற்றே தாண்டி நிற்கட்டும். இல்லையேல் அந்தப் பிதுக்கமே உன் அளவைப் பொய்யாக்கும். டேப்பட் இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழை. பல சிறு இன்ஜின்களில் இடைவெளி 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்கும்; உன் இன்ஜினுக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்து வை. லாக் நட்டை இறுக்கி மறுபடி அள, இறுக்கும்போது நகர்ந்திருக்கும். மூடியைப் போடு, பிளக்கைப் போடு.

அழுத்து பட்டனை!