உறைக்குள் ஒரு புனிதர்

தங்கச்சிமடம், பாம்பன் பகுதிகளின் கடலோரக் குடும்பங்களில் முதியவர் ஒருவர் இறந்தபின் அவருடைய பெட்டியைத் திறந்தால், பெரும்பாலும் தவறாமல் கிடைக்கும் பொருள் ஒன்று உண்டு. செபப்புத்தகத்தின் நடுவிலோ, தகர டப்பாவின் அடியிலோ, உள்ளங்கை அளவில் ஒரு புனிதர் படம். புதுநன்மை நாளில் பெற்றது, ஓரியூர்த் திருவிழாவில் வாங்கியது, கச்சத்தீவு அந்தோனியார் விழாவுக்குப் படகில் சென்றபோது கொண்டுவந்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் இத்தாளை எந்த உறையில் இட்டுக் காப்பது என்பதும் ஒரு கேள்வியா என்று வாசகர் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், ஒரு தவறு செய்யும்வரை.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பங்கில் ஒரு மூதாட்டி இருந்தார். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்குத் தப்பி வந்த குடும்பம். அவரிடம் ஓர் அந்தோனியார் படம் இருந்தது. அதன் பின்புறத்தில், கடலில் மறைந்துபோன அவர் கணவர், பிள்ளைகள் பிறந்த நாள்களைப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார். ஓரங்கள் கிழிந்து கொண்டிருந்தன. "கொடுங்கள் பாட்டி, பத்திரமாக்கித் தருகிறேன்" என்று வாங்கி, நகரத்துக் கடையொன்றில் லேமினேஷன் செய்து கொண்டுவந்து தந்தேன். அவர் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "படம் இருக்கு சாமி. ஆனா அவரு எழுத்தத் தடவிப் பார்க்க முடியலயே."

பேனா அழுத்திய பள்ளங்களை விரல் நுனியால் வாசித்து வந்திருக்கிறார் அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் அந்த மூடிய தகட்டுக்குள் பழுப்புப் புள்ளிகள் கிளம்பின. கடற்காற்றின் ஈரத்தோடேயே தாளை உள்ளே அடைத்துவிட்டேன் போலும். வெப்பத்தில் உருகிய பசை தாளின் இழைகளுக்குள் இறங்கிவிட்டால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

அதன்பிறகே இதைப் பற்றிக் கற்கத் தொடங்கினேன். காற்றின் ஈரப்பதம் எழுபது விழுக்காட்டைத் தாண்டிய இடத்தில் தாளில் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். நம் கரையிலோ அது ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவைச் சுற்றியே நிற்கிறது. உப்புத் தூசியும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இராமபாணப் பூச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைகளில் கிடைக்கும் வழவழப்பான மென்மையான பி.வி.சி. உறை, புதிய மழைக்கோட்டின் நெடி வீசுமே, அது ஆகாது. அதை நெகிழச் செய்யும் எண்ணெய் காலப்போக்கில் கசிந்து அச்சு மையைப் பிடித்துக்கொள்ளும், அமிலமும் வெளிவரும். பாலிபுரொப்பிலீன், பாலியெஸ்டர் உறைகள் அமைதியானவை. மேற்புறம் திறந்த உறையில் படத்தை இட்டு, வளையாதபடி பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்றை வைத்தால் போதும். பசை தடவிய ஆல்பம் வேண்டாம். ரப்பர் பட்டையும் வேண்டாம். சுவரில் மாட்ட விரும்பினால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே அட்டைச் சட்டம் வேண்டும். இல்லையேல் ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வெயில் வெளுக்க வைத்த நிறம் ஒருபோதும் மீளாது. ஆகவே சுவருக்கு ஒரு நகல், பெட்டிக்கு மூலம் என்பதே என் அறிவுரை.

இவ்வளவும் கைத்திறன். இதற்கு அடியில் கிடக்கும் கேள்விதான் என்னை உறங்கவிடவில்லை. ஒரு பொருளைக் காப்பது என்றால் எதைக் காப்பது?

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்ப்போர் உண்டு. மிக்கி மேன்டில் என்பவரின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. சிறுவர் கைக்கென்று அச்சான அந்த அட்டை, கைபடாமல் கூர்மையான மூலைகளோடு தப்பியதாலேயே இந்த விலை. இன்று அத்தகைய அட்டைகளைத் தரம் பிரித்துக் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் முத்திரையிட்டு அடைக்கிறார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அவர்கள் பேணாவிட்டால் அந்தத் தாள்கள் என்றோ குப்பையாகியிருக்கும். ஆனால் நம் பாட்டியின் படத்திற்கு மதிப்பு வந்த வழி வேறு. கைபட்டுக் கைபட்டே அது மதிப்புப் பெற்றது.

787இல் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம், உருவத்திற்குச் செய்யும் வணக்கம் அவ்வுருவம் சுட்டும் ஆளைச் சென்றடைகிறது என்று போதித்தது. குருமடத்தில் இதை மனப்பாடம் செய்தவன் நான். அப்படியானால் தாள் அழிந்தால் என்ன, வேறொரு அந்தோனியார் படம் வாங்கித் தரலாமே? முன்புறத்தைப் பொறுத்தவரை அது சரி. சிவகாசியில் ஆயிரக்கணக்கில் அச்சாகும் படம் அது. பின்புறம் அப்படியன்று. அங்கே இருந்தவர் கரைக்கு வந்து சேராத ஒரு மனிதர். அவருக்குக் கல்லறை கூட இல்லை. நான் முன்புறத்தைக் காப்பாற்றினேன். அவர் வைத்திருந்ததோ பின்புறத்தை.

லூக்கா நற்செய்தியில், தலைவன் தந்த நாணயத்தைத் துணியில் முடிந்து வைத்துத் திருப்பிக் கொடுத்த பணியாளன் நினைவுக்கு வருகிறான். நாணயம் தேயவில்லை, எனினும் தலைவன் சினந்தான். இந்த ஒப்புமை முழுவதும் பொருந்தாது என்பதை அறிவேன். நாணயம் செலவானால் பெருகும். தாள் தொட்டால் தேயும், பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சாது. பேரப்பிள்ளைகளின் உரிமையும் உரிமைதான். இதற்கு எனக்கு இன்னும் தெளிவான விடை கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அருங்காட்சியகங்களில் பழுது பார்ப்போர், தாம் செய்வதைப் பின்னொரு நாள் பிரித்தெடுக்க இயலவேண்டும் என்பதை நெறியாகக் கொண்டிருக்கிறார்கள். பிறர் பொருளில், ஏன், பிறர் வாழ்விலேயே நன்மை செய்யப் புகும் எங்களைப் போன்றோருக்கு அந்த எச்சரிக்கை குறைவு. நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். "கொடுங்கள்" என்றேன், "உங்களுக்கு இதில் எது வேண்டும்?" என்று கேட்கவில்லை. பங்குச்சாமி கேட்டால் மறுக்கத் தெரியாத தலைமுறை அவர்.

பின்னர் அவருடைய மகள் இன்னொரு படம் கொண்டுவந்தார். அருளானந்தர் படம்; அதன் பின்னும் அதே கையெழுத்து. இம்முறை கேட்டேன். பிறகு, திறந்த உறையும் அட்டையும் வாங்கிக் கொடுத்து, படத்தின் இருபுறமும் நகலெடுத்துச் சுவருக்கு ஒரு சட்டமும் செய்து தந்தோம். சென்ற நவம்பரில் இறந்தோர் நினைவு நாளன்று அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். உறை தலையணைக்கடியில் காலியாக இருந்தது. படம் பாட்டியின் கையில் இருந்தது. ஒரு மூலை மழுங்கிவிட்டிருந்தது. அட்டையைச் சற்றுக் கெட்டியாக மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சாமி, எடுக்க லேசா இருக்கு" என்றார்.