ஊனுணவும் அறியாமையும்

உயிர் அறிவுடைப்பொருள். அறிவுடைப்பொருள் செய்யும் செயலே வினையெனப்பட்டுப் பயன்றருதற்குரியது. அங்ஙனமாயின், ஒருவன் தான் உண்ணும் ஊன் எவ்வுயிரினது, எவ்வாறு பெறப்பட்டது என்பவற்றை அறியாதே உண்பானாயின், அதன்பொருட்டு நிகழ்ந்த கொலையில் அவனுக்குப் பங்குண்டோ இன்றோ என்பது ஆராயற்பாலதொரு வினாவாகும். புலாலுண்டல் தீதென்பது சைவநன்மக்கட்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதன்று. ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது, அறியாமை அத்தீமையை நீக்குமோ என்னும் ஒன்றேயாம். இவ்வினா ஊனுண்பாரைப் பற்றியது போலத் தோன்றினும், இறுதிக்கண் ஊனுண்ணாத நம்மையும் வந்து பற்றுதலைப் பின்னர்க் காண்பாம்.

முற்காலத்தே ஓர் ஊரில் ஆடறுப்பவன் இடம் யாவர்க்கும் தெரிந்திருந்தது. உண்பவன் அவ்வுயிரின் குரலைக் கேட்டான், குருதியைக் கண்டான், கண்டுங் கேட்டும் உண்டான். இக்காலத்தேயோ பெருநகரங்களில் கொலைக்களம் ஊர்ப்புறத்தே மதிலுள் மறைந்தது. வீட்டிற்கு வருவது எலும்பும் தோலும் நீக்கித் துண்டஞ்செய்து நெகிழித்தாளிற் பொதிந்த ஒன்று. கைப்பேசியிற் பணித்தால் வாயிற்கே வந்து சேர்கின்றது. அதனைக் காணுங் குழவிக்கு அது ஒருகால் நடந்ததென்பதே தோன்றாது.

மறைவு பெருகப் பெருகக் கொலையும் பெருகிற்று. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தார் கணக்கின்படி, உலகில் ஓராண்டில் உணவின்பொருட்டுக் கொல்லப்படும் கோழிகள் மட்டும் 7,000 கோடிக்கு மேற்படுவன. இறைச்சிக்கென வளர்க்கப்படுங் கோழி பிறந்து ஏறத்தாழ 6 வாரத்திற் கொல்லப்படுகின்றது. முட்டையில் உயிரில்லையென்று கூறி அதனை உண்பாரும் உளர். முட்டைக்கோழி பொரிக்கும் நிலையங்களிற் பிறக்கும் சேவற்குஞ்சுகள் முட்டையிடாமையானும் இறைச்சிக்கு உதவாமையானும் பிறந்த அன்றே அழிக்கப்படுதல் பெருவழக்கென்பதை அவர் அறியார். அறிந்தால் அக்கூற்றுக் கூறார்.

இனி, அறியாதான்மேல் வினை சாராதென்பார் கொள்கையை நோக்குவாம். இக்கொள்கைக்குப் பழைய ஆதாரம் பௌத்த நூல்களிற் காணப்படுவது. பாலிமொழியிலுள்ள மச்சிம நிகாயத்துச் சீவக சூத்திரத்திலே, சீவகன் என்னும் மருத்துவன் வினவப் புத்தர் விடையிறுக்கின்றார். தன்பொருட்டுக் கொல்லப்பட்டதாகக் கண்டதும், கேட்டதும், ஐயுற்றதும் ஆகிய ஊனைத் துறவி கொள்ளலாகாது. இம்மூன்றும் இல்வழிக் கொள்ளலாம் என்பது அவ்விடையின் கருத்து. காணாமை, கேளாமை, ஐயுறாமை என்னும் இம்மூன்றும் ஊனைத் தூய்தாக்கும் என்பது அவர் துணிபு.

இவ்விதியை நடுநிலையில் நின்று நோக்குதல் வேண்டும். இஃது ஏற்றுண்ணுந் துறவிக்கு வகுக்கப்பட்டது. அவன் கலத்தில் வீழ்வது பிறர் தமக்கெனச் சமைத்ததன் எச்சம். அவன் விலை கொடுத்திலன். இன்னது வேண்டுமெனக் கேட்டிலன். விலைகொடுத்து வாங்குவானுக்கோ இவ்விதி ஒருசிறிதும் பொருந்தாது. கடைக்காரன் நாளைக்கு எத்துணை உயிரைக் கொல்வித்தல் வேண்டுமென்பதை இன்று விற்ற அளவு கொண்டே துணிகின்றான். ஆதலின் வாங்குவான் ஒவ்வொருவனும் பெயர் குறியாது இட்ட கட்டளையின்படியே கொலை நிகழ்கின்றது. தின்பாரில்லையேல் விற்பாருமில்லை என்னுங் கருத்தைத் திருவள்ளுவனார் விளங்க வைத்துள்ளார். கொல்லாமையை வேறோர் அதிகாரமாக வைத்த அப்பெருந்தகையார், புலான்மறுத்தலை அருளுடைமையை அடுத்து நிறுவினமையும் நோக்கத்தக்கது. கொல்லாதிருந்தும் உண்பவனிடத்து இல்லாதொழிவது அருள் என்பது அவ்வைப்புமுறையாற் பெறப்படும்.

இம்மூவகைத் தூய்மையைப் பௌத்தருள்ளும் யாவரும் ஒப்பினாரல்லர். மகாயான நூலாகிய இலங்காவதார சூத்திரம் ஊனுணவை முற்றும் விலக்கிற்று. தமிழிற் சமணர் நூலாகிய நீலகேசியும் பௌத்தரோடு இப்பொருள்பற்றி விரிவாக வாதிட்டது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினையேயென்பது பல சமயத்தார்க்கும் உடன்பாடு. விலை கொடுத்தல் செய்வித்தலாம். சுவைத்து மகிழ்தல் உடன்படுதலாம். இவ்விரண்டும் நிகழ்ந்தவழி, கைகளிற் குருதி படாமை ஒன்றே பற்றித் தூய்மை கூறுதல் எங்ஙனம் அமையும்?

அற்றேல், மெய்யாகவே அறியாதவனும் அறிந்தவனும் ஒப்பரோவெனின், ஒவ்வார். அறியாமை இருதிறத்தது. அறிதற்கு வாயிலின்மையான் வந்த அறியாமை ஒன்று. வாயிலிருந்தும் அறிய விரும்பாமையான் வந்த அறியாமை மற்றொன்று. முன்னையது குழவிபால் உள்ளது, இரங்குதற்குரியது. பின்னையது அறிவின்மையன்று, அறிவை அடைத்து வைத்தலாகிய ஒரு செயல். "அதைச் சொல்லாதீர், சொன்னால் என்னால் உண்ண முடியாது" என்று உணவின்முன் இருந்து கூறுவாரை யாவரும் கண்டிருப்போம். அவ்வாறு கூறுபவர் அறியாதவரல்லர். சொல்லப்போவது யாதென்று அறிந்தமையாலன்றோ செவியை மூடினார்? காணாமை, கேளாமை என்பவற்றை அவர் தாமே ஆக்கிக்கொண்டார். தாம் ஆக்கிக்கொண்ட அறியாமையைத் தமக்கே சான்றாகக் காட்டுதல் வழக்காகாது.

சித்தாந்தத்தில் ஆணவமலத்தின் இயல்பு கூறுமிடத்து, புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தான் இருளென்பதைக் காட்டி நிற்க, ஆணவமோ தன்னிருப்பையுந் தோன்றவிடாது என்று வேறுபாடு கூறுவர். மேற்கூறிய இரண்டாம் அறியாமை அம்மலத்தின் தொழிலேயாம். தான் மறைக்கப்பட்டிருத்தலை உணராதவன், தன்னைத் தூயவனென்றே எண்ணி மகிழ்ந்திருப்பான். ஆதலின், கண்டும் உண்பவன் செய்யுந் தீமை வெளிப்படை. மறைத்து உண்பவன் தீமையோ மருந்து சேர்தற்கரியது.

அறியாது செய்ததாயினும் பொறுப்பு நீங்காதென்பதற்குப் பெரிய புராணம் காட்டும் மனுநீதிச்சோழர் வரலாறு தக்க சான்று. திருவாரூர் வீதியில் அரசிளங்குமரன் தேரூர்ந்து செல்லுங்கால், ஒருவரும் அறியாதபடி ஓர் ஆன்கன்று தேர்க்காலின் இடையே பாய்ந்து இறந்தது. அவன் கொல்லக் கருதினானல்லன், காணவும் இல்லை. அமைச்சர், கழுவாய் செய்தமைதல் சாலுமென்றனர். அரசர் அதற்கு இசைந்திலர். கன்றையிழந்த பசுவின் துயரத்தைத் தாமும் உறுதலே முறையெனத் துணிந்தார். இவ்வரலாற்றில் நாம் நோக்கத்தக்கது தண்டத்தின் கடுமையன்று. அரண்மனை வாயிலில் ஆராய்ச்சிமணி ஒன்று கட்டப்பட்டிருந்தமையும், வாயில்லாப் பசு அதனைக் கோட்டால் அசைத்தமையும், அசைத்தவழி அரசர் இறங்கிவந்து வினவினமையுமே. தம் ஆட்சியில் நிகழ்வதைத் தாம் அறிதற்கு வழிவைத்தவர் அவர். யாமோ நம் உண்கலத்திற்கும் கொலைக்களத்திற்கும் இடையே அம்மணி ஒலியாதவாறு பல காவதம் அகல்வித்துக்கொண்டோம்.

கண்ணப்பநாயனார் ஊன் படைத்தாரே என்று சிலர் தடை நிகழ்த்துவர். அது விதிநெறியின் வைத்து எண்ணப்படாத அன்புநெறி. அன்றியும், தாம் அறிந்த உணவுள் இனியது இதுவென அவர் மறைப்பின்றிக் கொணர்ந்தார். வேட்டையாடிய கையும் அவரதே. தம் கண்ணையே இடந்து அப்பியதும் அக்கையே. தம்மைக் கொடாதார்க்கு அவர் செயல் எடுத்துக்காட்டாகாது.

இதுகாறும் கூறியவற்றை எம்மிடம் சிவஞானசித்தியார் பாடங்கேட்க வரும் இளைஞர் ஒருவர்க்கு யாம் விரித்துரைத்தோம். அவர் ஊனுணவு உடையவர். பணிவும் நுண்ணறிவும் உடையவர். முற்றக் கேட்டபின் அவர் கூறியது: "ஐயா, நான் உண்ணும் ஆடு எங்கள் ஊர்ச் சந்தையில் என் கண்முன் அறுக்கப்பட்டது. அது தீதெனில் அத்தீமையை நான் அறிந்தே செய்கிறேன். தாங்கள் நாடோறும் பால் அருந்துகிறீர்கள், சிவபூசையில் ஆட்டுகிறீர்கள். அந்தப் பாலுக்குரிய கன்று இப்பொழுது எங்கே இருக்கிறதென்று தாங்கள் அறிவீர்களா?"

அன்று எம்மால் விடைகூற இயலவில்லை. அறுபது ஆண்டு கடந்த எமக்கு அவ்வினா ஒருநாளேனும் தோன்றாமை நாணத்தையே தந்தது. மறுவாரம் அயலூரிற் கறவைமாடு வைத்திருக்கும் ஒருவரையடைந்து உசாவினோம். அவர் ஒளிக்காது கூறினார். பசு ஈன்றாலன்றிப் பால் இல்லை. ஈன்ற கன்று கிடாரியாயின் வளர்ப்பர். காளைக்கன்றாயின், உழவிற்கும் வண்டிக்கும் இயந்திரம் வந்துவிட்டமையின் அதற்குத் தீனியிட்டுக் கட்டுபடியாகாது. சில வாரத்தில் விற்றுவிடுவர். பால் வற்றிய பசுவிற்கும் முடிவு அதுவே. "வாங்கிச் செல்வோர் எங்கே கொண்டுபோகிறார்கள்?" என்றோம். "அதை நாங்கள் கேட்பதில்லை, ஐயா" என்றார். அவரை யாம் எங்ஙனம் குறைகூறுவது? அவர் கேளாமை வறுமையான் வந்தது. எம் கேளாமைக்கு அக்காரணமும் இல்லை. எருமையிறைச்சியைப் பிறநாடுகட்கு விடுக்கும் நாடுகளுள் நம் நாடு முன்வரிசையில் நிற்பதற்கு, இங்குப் பெருகிய பாற்றொழிலும் ஒரு காரணமென்பதை அதன்பின்னரே உணர்ந்தோம்.

இவ்வாறே பிறவும் உள. நாம் மடியெனப் போற்றி உடுக்கும் பட்டிற்கு, கூட்டினுள்ளிருக்கும் புழு வெந்நீரிலோ ஆவியிலோ மாய்தல் வேண்டும். திருமுறையிசைக்குத் துணையாகும் மிருதங்கத்தின் முகங்கள் மாடு, ஆடு, எருமை என்பவற்றின் தோலாலாயவை. நோய்க்கு விழுங்கும் மருந்துக்கூடு பெரும்பாலும் விலங்கின் தோலும் எலும்பும் காய்ச்சிய பசையாலாயது. பொதியுணவுகளிற் பச்சைப்புள்ளியிட்டுச் சைவவுணவு இதுவெனக் காட்டும் முறை நம் நாட்டில் வழங்குகின்றது. எனினும் சேர்பொருள்கள் வெறுங் குறியெண்ணாற் கூறப்பட்டமையின், அவை எதனினின்று வந்தனவென்பது வாங்குவோர்க்கு விளங்காதிருந்தது. 2021 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், ஒவ்வொரு சேர்பொருளும் தாவரத்தினதோ விலங்கினதோ என்பதை வெளிப்படையாகத் தெரிவித்தல் வேண்டுமென ஆணையிட்டது. உண்பவன் அறிதற்கு உரிமையுடையன் என்பது அதன் கருத்து. அறிதல் அவனுக்கு உரிமை மட்டுமன்று, கடனுமாம் என்பது நம் கருத்து.

அங்ஙனமாயின் பாலையும் விடுதல் வேண்டுமோவெனின், ஆனைந்தாட்டுதல் ஆகமவிதி. அதனை விடுகவென யாம் கூறேம். ஆயின் அவ்விதி எத்தகைய பாலை நோக்கி எழுந்ததென்பதை எண்ணுதல் வேண்டும். சேய்ஞலூரில் விசாரசருமர் என்னும் பிள்ளையார், ஆயன் ஒருவன் பசுவை அடித்தது பொறாது, அந்நிரையைத் தாமே மேய்க்கும் பணியை ஏற்றார். அவர் பேணலால் மகிழ்ந்த பசுக்கள் கன்றை நினையாமலே தாமாகப் பால் பொழிந்தன. அப்பாலையே மண்ணியாற்றங்கரையில் மணலாலாகிய திருமேனிக்கு ஆட்டிச் சண்டேசுரர் ஆயினார். அவர் ஆட்டிய பாலுக்குரிய பசுவை அவர் அறிவார், கன்றையும் அறிவார். உறையில் அடைத்து வந்த பாலை யாம் ஆட்டுங்கால், அறியாமையையும் உடன் ஆட்டுகின்றோம்.

ஆதலின் ஆதீனங்களிலும் திருக்கோயில்களிலும் உள்ள பெரியோர்கள்பால் யாம் பணிந்து வேண்டுவது இது. பூசைக்குரிய பால், தம் பசுமடத்தில் தாமே பேணும் பசுக்களினின்று பெறப்படுக. அப்பசுமடத்திற் பிறக்குங் காளைக்கன்றும் பால்வற்றிய பசுவும் விற்கப்படாது, இயற்கையாக முடியுங்காறும் ஓம்பப்படுக. அதனாற் பால் குறையுமாயின் குறைந்த பாலே அமைக. இறைவன் அளவு நோக்குவானல்லன். இல்லறத்தார்க்கும் இயன்ற அளவு இதுவே நெறி. தாம் கொள்ளும் பால், பட்டு, மருந்து என்பவற்றின் வரவை ஒருகாலேனும் வினவியறிக. அறிந்தபின் விடத்தக்கதை விடுக. விடவியலாததற்கு இரங்கியேனும் சுருக்கிக்கொள்க. புலாலுண்ணாமையால் வருந் தருக்கும் ஆணவத்தின் கூறே. அதனை முதற்கண் விடுக.

அவ்விளைஞர் இப்பொழுதும் பாடங்கேட்க வருகின்றார். ஊனை இன்னும் விட்டாரல்லர். விடுகவென யாமும் மீண்டுங் கூறிற்றிலம். எம் இல்லத்திற்குப் பால் தரும் பசுவின் காளைக்கன்றை யாமே விலைகொடுத்து வாங்கி அயலூர்ப் பசுமடத்தில் விட்டதை மட்டும் அவர்க்குத் தெரிவித்தோம். ஒரு கன்றால் உலகத்துக் கொலை குறையாதென்பதை யாம் அறிவோம். எனினும் அவர் வினாவுக்கு ஒரு விடையாயினும் எம்மிடம் இப்பொழுது உண்டு. மறைப்பு நீங்குதலே அருளின் முதற்றோற்றம். எவ்வுயிரும் நம்மால் நடுங்காநிலை எய்துதற்குத் திருவருள் முன்னிற்க.