ஒப்புக்குச் சப்பாணி

சிறுவர் ஆடுகளத்தில் வழங்கும் சொற்களுள், "ஒப்புக்குச் சப்பாணி" என்பதைப்போல் சிரித்துக்கொண்டே குத்தும் சொல் பிறிதொன்று உண்டோ என நாம் ஐயுறுகிறோம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளின் தெருக்களிலும், இன்னும் வீடெழும்பாத மனைகளிலும் அஸருக்குப் பின் பிள்ளைகள் கட்சி பிரிப்பதைச் சற்றே நின்று பாருங்கள். இரு தலைவர்கள் ஒவ்வொருவராக அழைத்துக்கொள்ள, இறுதியில் ஒருவன் எஞ்சுவான். அவனைச் சேர்க்கவும் விருப்பமில்லை, விரட்டவும் மனமில்லை. ஆகவே ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் எடுக்கும் ஓட்டம் கணக்கில் வராது. பிள்ளைகளின் இரக்கமே அது. ஆயினும், "நீ கணக்கில் இல்லை" என்ற செய்தியும் அந்த இரக்கத்தோடு சேர்ந்தே அவன் உள்ளத்தில் இறங்கிவிடுகிறது.

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளவியல் நூலில், தன்மதிப்பை ஒரு வகுத்தற் கணக்காகவே காட்டினார். பெற்ற வெற்றியை, கொண்ட ஆசையால் வகுத்தால் வருவது அது. வெற்றி பெருகினாலும் ஈவு உயரும்; ஆசை சுருங்கினாலும் உயரும். நம் சிறுவன் இரண்டாம் வழியைத் தேர்கிறான். "விளையாட்டு வீணர் வேலை, நான் படிப்பவன்" என்கிறான். தன்மானம் தப்பிற்று, பெற்றோரும் பெருமிதத்தோடு தலையசைக்கிறார்கள். பள்ளியிலோ விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்கிறார் (திருப்பித் தந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை). பாடம் முடிந்த பிள்ளையை விளையாடவிடாது அடக்குவது அவன் உள்ளத்தையே சாகடிக்கும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எச்சரித்திருப்பதை யார் நினைவூட்டுவது? நாற்பது வயதில், சர்க்கரை நோய்க்காக மருத்துவர் நடக்கச் சொல்லும்போது, "நமக்கு அதெல்லாம் வராது" என்று அவன் கூறும் விடை, அந்த அஸர் வேளையில் கற்ற விடையே அன்றோ!

ஆதமுடைய மக்களை மேன்மைப்படுத்தியிருப்பதாக இறைவன் அறிவிப்பது (17:70) எந்த வெற்றியையும் நிபந்தனையாக்கி அன்று. எனவே கண்ணியம் வகுத்து வரும் ஈவன்று. திறமையோ பழக்கத்தால் வருவது. வலிமையுள்ள முஃமின் வலிமை குன்றியவரினும் அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என உரைத்த நாயகம் (ஸல்) அவர்கள், இருவரிடத்தும் நன்மை உண்டு என்பதையும் உடன்சேர்த்தே உரைத்தார்கள். மேடைகளில் முற்பகுதி முழங்குகிறது. பிற்பகுதி ஏனோ விடுபட்டுப் போகிறது.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்த ஒரு பிள்ளையை, பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்ட அழைத்தார். ஒப்புக்கு அன்று, கணக்கில் சேர்த்தே அழைத்தார். அப்பிள்ளை மாரியப்பன் தங்கவேலு, 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். 2021-இல் டோக்கியோவில் வெள்ளி. 2024-இல் பாரிசில் வெண்கலம். இதை இறக்கம் என்று கணக்கிடுவோரும் உளர்! தோல்வி அறியாதிருந்த நாயகத்தின் ஒட்டகம் அள்பாவை ஒரு நாட்டுப்புறத்தாரின் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் வருந்தினார்கள். உலகில் உயர்ந்ததை இறைவன் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று கூறி, நாயகம் (ஸல்) அவர்கள் அதனை இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் நாயகத்தோடு ஓடி வென்றதும், பின்னொரு காலத்தில் உடல் பருத்தபோது ஓடித் தோற்றதும் அபூதாவூதில் இடம்பெற்றுள்ளன. தோற்றதை நமக்கு அறிவித்தவர் யார்? அன்னையேதான். தம் உடல் பருத்ததையும் அவர்களே சொல்கிறார்கள். எத்துணை நிறைந்த உள்ளம் அது! இந்த ஹதீஸை ரசித்துச் சொல்லும் நாம், நம் பெண்மக்கள் பன்னிரண்டு வயதோடு ஓடுவதையே நிறுத்திவிடுவதைக் கவனிப்பதில்லை.

இடமில்லை என்பார்கள். உடற்கல்வியைக் கற்பிப்பதற்கென்றே 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி வடக்கே நந்தனத்தில் இருக்கிறது. தெற்கே, வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் அதற்கென ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. அத்துணை தூரம் போவானேன்? மஹல்லாவின் திருமண மண்டபம் நிக்காஹ் இல்லாத நாட்களில் பூட்டித்தானே கிடக்கிறது. நாற்புறமும் சுவருள்ள அந்த முற்றத்தில், பெண்பிள்ளைகளுக்கென்று மாலையில் ஒரு மணிநேரம் பூப்பந்து வலை கட்ட, ஜமாஅத்துக்கு ஒரு சாவியைத் தவிர வேறென்ன செலவு?